பதினேழாம் நம்பர் மஞ்சள்

மார்ச் 3, செவ்வாய்

கார் ஷோரூமின் பின்பக்க முற்றம் இன்றோடு காலி. கடைசியாக நின்ற சாம்பல் நிற வண்டியையும் காலையில் விற்றுத் தள்ளிவிட்டேன். இருபத்தாறு வருடத்தில் அந்தச் சிமென்ட் தரையை முழுசாக இன்றுதான் பார்க்கிறேன். எண்ணெய்க் கறை மட்டும் பதினான்கு இடத்தில் இருக்கிறது. எண்ணிப் பார்க்கிற அளவுக்கு எனக்கு நேரம் இருந்தது என்பதிலிருந்தே வியாபாரத்தின் நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம்.

கம்பெனி மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. இனிமேல் நிற்கிற வண்டியே கிடையாதாம். வாடிக்கையாளர் கேட்ட பிறகுதான் தொழிற்சாலை வண்டியைச் செய்யும். அதற்கு நாற்பத்திரண்டு கேள்வி கொண்ட ஒரு படிவம். நிறம், கியர், இருக்கைத் துணி, அந்தத் துணியைத் தைக்கிற நூலின் நிறம் வரைக்கும். மாதக் கடைசி நாள் மாலை நான்கு மணிக்குப் படிவத்தைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு யார் வந்து அழுதாலும் மாற்ற முடியாது. கடைசி வரி: "வாடிக்கையாளரின் கனவை நாம் கட்டித் தருவோம்." இதை எழுதியவன் வாழ்க்கையில் ஒரு சைக்கிளாவது விற்றிருப்பானா?

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். பச்சை வண்டி கேட்டு வருகிறவனிடம், அவன் பிறந்ததிலிருந்து முற்றத்தில் நிற்கிற சாம்பல் வண்டிக்காகத்தான் காத்திருந்தான் என்று சொல்லிப் புரியவைப்பது. நடுநடுவே "உங்க இஷ்டம்தான் சார்" என்று போட வேண்டும். அந்த மூன்று வார்த்தையில்தான் வீடு கட்டினேன்.

வீட்டுக்காரி இன்றும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனாள். இப்படிப் போவது இது ஐந்தாவது மாதம்.

அதையும் எழுதிவிடுகிறேன், என் பக்க நியாயம் எங்காவது பதிவாகட்டும். விற்காமல் நிற்கிற வண்டியை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அவள் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போவாள் - ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாங்க ஆள் கிடைத்ததும் விற்றுவிட்டு அடுத்ததைக் கொண்டுவருவேன். இப்படி முப்பத்தோரு வண்டி ஓட்டியிருக்கிறாள். எந்த ராணிக்குக் கிடைக்கும்? போன அக்டோபரில் ஒருவர் அவசரமாகக் கேட்டார். அவள் வேலையில் இருந்தாள். வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. இரண்டாவது சாவி எப்போதும் என் பையில் இருக்கும். எடுத்தேன், விற்றேன். அதற்குள்ளே அவள் குடை, படிக்கிற கண்ணாடி, வாங்க வேண்டிய சாமான்களை எழுதிய சீட்டு எல்லாம் இருந்தது எனக்கெப்படித் தெரியும்? அன்றைக்கென்று மழை வேறு. தெப்பமாக நனைந்து வந்தவள் கத்தவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "இனிமே உங்க வண்டியில நான் ஏற மாட்டேன்."

நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். முன்பின் தெரியாத ஆளை வண்டியில் ஏற்ற எனக்கு இருபது நிமிஷம் போதும். இவளை ஏற்ற ஐந்து மாதமாக முடியவில்லை.

மார்ச் 5, வியாழன்

விற்பனைப் பிரிவில் என்னிடம் எட்டு வருடமாக இருக்கும் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் 'சட்டம்'. நாற்பது பக்க விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டு வந்திருக்கிறாள். நான் நாலாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன். அவள் சொன்னதில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: படிவத்தில் தவறு இருந்தால் பூட்டுவதற்குள் வியாபாரி திருத்தலாம். பிழை திருத்தும் உரிமை.

"எழுத்துப் பிழைக்கு மட்டும் சார்," என்றாள் சட்டம்.

எது பிழை என்று யார் முடிவு செய்வது? அதைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றுமில்லை. நல்ல புத்தகம்தான்.

மார்ச் 9, திங்கள்

பல் டாக்டர் வந்தார். நம் தெருக்கோடியில் கிளினிக் வைத்திருப்பவர். தொழிற்சாலை வண்ண அட்டையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நீலத்துக்கு நீலம் என்று பெயர் வைத்தால் என்ன குறைந்துவிடும்? 'ஆழ்கடல் அமைதி'யாம். வெள்ளைக்கு 'துருவப் பனி'. மஞ்சளுக்கு 'பாலைவன விடியல்'. நிறத்துக்குப் பெயர் வைக்கவென்றே ஒரு ஆளை மாதச் சம்பளத்தில் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

டாக்டர் ஆழ்கடல் அமைதியில் விழுந்துவிட்டார். "எங்கப்பாகிட்ட இந்தக் கலர்லதான் ஸ்கூட்டர் இருந்துச்சு," என்றார். எழுதிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டார். "உங்க இஷ்டம்தான் டாக்டர்" என்று வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன்.

திரும்பி வந்து வெள்ளையாகத் திருத்தினேன்.

காரணம் இருக்கிறது. வண்டி வந்து நிற்கிறபோது வேண்டாமென்று சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கனவு கலைந்துவிட்டதாம். கலைந்தால் வண்டி யார் தலையில்? என் தலையில். நீலத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வெள்ளை என்றால் அடுத்த ஆளை ஏற்றி அனுப்பலாம். மாற்றினால் வாடிக்கையாளரின் போனுக்கு ஒரு செய்தி போகுமாம். போகட்டும். கம்பெனி அனுப்புகிற செய்தியை யார் படிக்கிறார்கள்?

மார்ச் 12, வியாழன்

ஒன்பது ஆர்டர். ஒன்பதும் வெள்ளை, ஆட்டோமேட்டிக் கியர், சாம்பல் இருக்கை. ஜனங்களின் ரசனை இவ்வளவு ஒற்றுமையாக இருப்பது புல்லரிக்க வைக்கிறது.

மார்ச் 16, திங்கள்

பதினேழாம் நம்பர் ஆர்டர் வந்திருக்கிறது. யாரோ வீட்டிலிருந்தபடியே போனில் படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். இப்படி வருகிறவர்களின் பெயர், ஊர், போன் நம்பர் எதுவும் வண்டி புறப்படும்வரை நம் கண்ணில் காட்டமாட்டார்கள். வியாபாரிகள் நச்சரிக்கிறார்களாம். எந்த வியாபாரியைச் சொல்கிறார்களோ தெரியவில்லை.

ஆர்டரைப் பார்த்துவிட்டு டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். பாலைவன விடியல்! மேனுவல் கியர்! இருக்கை கருஞ்சிவப்பு! பாட்டுப் பெட்டி வேண்டாம், கூரைக் கண்ணாடி வேண்டாம், எல்லாரும் பல்லிளிக்கிற பெரிய திரை வேண்டாம். ஆனால் டிரைவர் பக்கக் கதவில் குடை செருக ஒரு குழாய் வேண்டும். அதற்குத் தனி விலை. காசு கொடுத்துக் குடைக்கு வீடு கட்டுகிற மனுஷரை இப்போதுதான் பார்க்கிறேன்.

இந்த வண்டி என் தலையில் விழுந்தால் என் பேரன் காலம்வரை முற்றத்தில் நிற்கும். எனக்கு இன்னும் பேரனே இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

திருத்திவிட்டேன். வெள்ளை, ஆட்டோமேட்டிக், சாம்பல். குடைக் குழாயை எடுத்துவிட்டேன். குறிப்பு எழுதும் கட்டத்தில் மரியாதையாக ஒரு வரி: "மஞ்சளுக்கு மறுவிற்பனை மதிப்பு குறைவு. தங்கள் நலன் கருதி மாற்றப்பட்டுள்ளது."

மார்ச் 19, வியாழன்

பதினேழு திருப்பி மாற்றியிருக்கிறது! மஞ்சள், மேனுவல், சிவப்பு, குடைக் குழாய், எல்லாம் பழையபடி. குறிப்புக் கட்டத்தில் பதில்: "விற்பதற்காக வாங்கவில்லை."

இரண்டே வார்த்தை. இந்த ஆள் என் எதிரே உட்கார்ந்திருந்தால் இருபது நிமிஷத்தில் முடித்திருப்பேன். முகமே தெரியாதவனோடு எப்படிப் பேசுவது?

மார்ச் 20, வெள்ளி

சாப்பிடும்போது வீட்டுக்காரியிடம் சொன்னேன். இப்போதெல்லாம் எங்களுக்குள் பேச்சு குறைவு, பேச ஒரு விஷயம் கிடைத்தது என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தேன்.

"ஒரு பைத்தியம் மஞ்சள் வண்டி கேக்குது."

"கேட்டா குடுக்க வேண்டியதுதானே?"

"நாளைக்கு வேணாம்னு சொல்லிட்டா? என் தலையிலல்ல விழும்?"

"வேணாம்னு சொல்லிச்சா?"

"இன்னும் சொல்லல."

"அப்புறம் என்ன?"

"உனக்கு வியாபாரம் புரியாது."

"ஆமா, எனக்கு ரத்தம்தான் புரியும்," என்றாள். "ஓ குரூப்னு வந்தா ஓ குரூப்னுதான் எழுதுவோம். பி குரூப்தான் நல்லா ஓடுதுன்னு மாத்தி எழுத மாட்டோம்."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி குத்துவதற்கு முன் "சின்னதா ஒரு குத்து, அவ்வளவுதான்" என்று சொல்வாளாம். வீட்டில் அந்த முன்னறிவிப்புகூடக் கிடையாது.

மார்ச் 23, திங்கள்

மறுபடி வெள்ளையாக்கினேன். குறிப்பு: "மஞ்சள் தூரத்திலிருந்தே கண்ணைக் குத்தும்."

மார்ச் 26, வியாழன்

மறுபடி மஞ்சள். பதில்: "தூரத்திலேயே தெரிய வேண்டும் என்றுதான் கேட்டேன்."

திருடனாக இருக்க முடியாது. திருடன் மஞ்சள் வாங்க மாட்டான்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். இருபத்தாறு வருடத்தில் என்னிடம் இப்படி நின்று பேசிய வாடிக்கையாளர் கிடையாது. வேண்டியது இன்னதென்று தெரிந்த ஒரு ஆள். நேரில் பார்த்தால் ஒரு டீ வாங்கிக் கொடுப்பேன். வாங்கிக் கொடுத்துவிட்டு வெள்ளை வண்டியில் ஏற்றி அனுப்புவேன்.

மார்ச் 31, செவ்வாய்

பூட்டு நாள். காலை பத்து மணிக்கு வெள்ளை போட்டேன். பதினொன்றரைக்கு மஞ்சள் வந்தது. பதினேழும் திரையை விட்டு எழுந்திருக்கவில்லை என்று தெரிகிறது. அப்போதுதான் சட்டம் வாய் தவறி ஒரு உண்மையைச் சொன்னாள். ஒரு வாடிக்கையாளர் மூன்று தடவைதான் மாற்ற முடியுமாம். பதினேழின் மூன்றும் முடிந்துவிட்டது.

"எனக்கு எத்தனை தடவை?"

"உங்களுக்குக் கணக்கில்ல சார். நீங்க எழுத்துப் பிழை மட்டும்தான் திருத்துவீங்கன்னு நெனச்சு ரூல் போட்டிருக்காங்க."

மூன்று ஐம்பத்தைந்துக்கு வெள்ளை போட்டேன். நான்கு மணிக்குப் பூட்டு விழுந்தது. குறிப்புக் கட்டத்தில் "உங்கள் இஷ்டம்தான் எங்கள் இஷ்டம். நன்றி" என்று எழுதினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

ஏப்ரல் 1, புதன்

பூட்டிய பிறகு படிவத்தை மாற்ற முடியாது. ஆனால் குறிப்பு எழுதலாம். காலையில் வந்து பார்த்தால் பதினேழிலிருந்து ஒன்று:

"சரி. உங்கள் இஷ்டம். குடையைக் கையிலேயே வைத்துக்கொள்கிறேன். முதல் குடை ஏற்கெனவே உங்கள் வண்டியோடு போய்விட்டது."

முதலில் சிரித்தேன். எவன் குடை என் வண்டியோடு போனது? பிறகு சிரிப்பு எங்கேயோ நின்றது.

குடை.

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்ப வந்து முதல் குறிப்பிலிருந்து படித்தேன். விற்பதற்காக வாங்கவில்லை. தூரத்திலேயே தெரிய வேண்டும். இந்தக் குரலை நான் தினமும் சாப்பாட்டு மேஜையில் கேட்கிறேனே - எப்படித் தெரியாமல் போனது? என்ன மனுஷன் நான்? முகமே தெரியாதவனாம்! பைத்தியம் என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன்! அதுவும் அவள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே!

சட்டத்தைக் கூப்பிட்டேன்.

"பதினேழு யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"வாடிக்கையாளர் விவரத்தை வெளிய சொல்லக் கூடாது சார். பக்கம் இருபத்தொண்ணு."

"தெரியுமா தெரியாதா?"

"அம்மா போன் பண்ணி எத்தனை தடவை மாத்தலாம்னு கேட்டாங்க. மூணுன்னு சொன்னேன். அதுக்கு மேல எதுவும் சொல்லல," என்றாள். கதவுவரை போய்த் திரும்பி, "நான் உங்ககிட்ட எழுத்துப் பிழைக்கு மட்டும்னு சொன்னேன் சார்," என்றாள்.

சாயங்காலம் வீட்டில் அவளே கேட்டாள்: "அந்தப் பைத்தியம் என்ன ஆச்சு?"

"பூட்டியாச்சு."

"எந்தக் கலர்?"

"வெள்ளை."

"ஜெயிச்சிட்டீங்க," என்றாள். அவ்வளவுதான். போய் மறுநாளைக்குக் கட்டிக்கொள்கிற புடவையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 2, வியாழன்

தொழிற்சாலைக்குப் போன் போட்டேன். ஏழு பேரிடம் மாறி மாறிப் பேசினேன். ஏழு பேருக்கும் ஒரே தேன் குரல்: "பூட்டியாச்சு சார்." அவசரம் என்றேன். குடும்ப விஷயம் என்றேன். ஏழாவது ஆள், "உங்கள் கனவு வண்டிக்கு வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

சட்டம் வழி ஒன்று சொன்னாள். வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்ய வேண்டும். வெள்ளை வண்டி என் தலையில் விழும். பிறகு வாடிக்கையாளர் புதிதாகப் படிவம் நிரப்ப வேண்டும். வியாபாரி தனக்குத் தானே நிரப்பிக்கொள்ள முடியாது.

அதாவது நான் அவளிடம் போய்க் கேட்க வேண்டும். உனக்கு என்ன வேண்டும் என்று. வண்டி விற்கிற வேலையில் இருபத்தாறு வருடமாக யாரிடமும் நான் கேட்காத கேள்வி அது.

ஏப்ரல் 5, ஞாயிறு

கேட்கவில்லை.

ஏப்ரல் 8, புதன்

ஒரு ஆள் ஷோரூமுக்குள் ஓடிவந்தார். நாளைக்கே வண்டி வேண்டுமாம், மூன்று மாதம் காத்திருக்க முடியாதாம். என்னிடம் என்ன இருக்கிறது? வெளியே என் வண்டி நின்றது. அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாய் தானாகவே "உங்க இஷ்டம்தான் சார்" என்றது.

பதினெட்டு நிமிஷம். புதிய சாதனை. வீட்டுக்கு நடந்து வந்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

காலையில் பஸ் ஸ்டாப்பில் அவள் நின்றாள். நானும் போய் நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வித்துட்டீங்களா?"

"ம்."

அந்த ஸ்டாப்பில் நிற்கிற ஏழெட்டுப் பேருக்கும் அவளைத் தெரிந்திருக்கிறது. ஒரு பெரியவர் சர்க்கரை அளவைச் சொல்லி அறிவுரை கேட்கிறார். ஒரு அம்மா கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டுச் சில்லறை தேடுகிறாள். "இது யாரு அக்கா?" என்று அந்த அம்மா என்னைக் காட்டிக் கேட்டாள். "எங்க வீட்டுக்காரர். வண்டி விக்கிறவர்," என்றாள் இவள். எல்லாரும் என்னை ஒரு தடவை பார்த்தார்கள், பிறகு ரோட்டைப் பார்த்தார்கள். மரியாதைக்கு யாரும் சிரிக்கவில்லை.

பஸ் வந்தது. நான் ஏறி யோசித்துக்கொண்டே நின்றேன், எந்த சீட் நல்லது என்று.

"உக்காருங்க," என்றாள். "இது நிக்கிற வண்டி இல்ல, ஓடுற வண்டி."

என் தொழில் பாஷையை எனக்கே திருப்பிக் கொடுக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஜன்னல் பக்கம். மடியில் புதுக் குடை.

ஏப்ரல் 13, திங்கள்

கடைவாய்ப் பல் வலிக்கிறது. இடது பக்கம் கீழே. கஷ்டக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏப்ரல் 15, புதன்

தாங்க முடியாமல் பல் டாக்டரிடம் போனேன். சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடியும் கொக்கியும் குழாயும் உள்ளே விட்ட பிறகுதான் டாக்டர் பேச்சை ஆரம்பித்தார்.

"கம்பெனிலேருந்து ஒரு மெசேஜ் வந்திருந்துச்சு. நேத்துதான் பார்த்தேன். என் வண்டி துருவப் பனியாம்."

"ஆ," என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

"நான் ஆழ்கடல் அமைதில்ல கேட்டேன்?"

"ஆ... ஆ."

"என் நல்லதுக்குத்தான் மாத்தினீங்கன்னு எழுதியிருக்கு." கொக்கியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "சரி, இப்ப எந்தப் பல்லு வலிக்குது? இடது கீழயா?"

"ஆ!"

"எனக்கென்னமோ வலது மேல இருக்கிறத எடுத்தா நல்லாருக்கும்னு தோணுது. எது எடுத்தா என்ன? எல்லாமே வெள்ளைதானே?"

குழாய் வாய்க்குள் உறிஞ்சுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. உதவிக்கு நின்ற நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. நான் டாக்டரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க," என்றார். "உங்க இஷ்டம்தான்."

இடது கீழ்ப் பல்லைத்தான் எடுத்தார். நல்ல மனுஷர். வெளியே வரும்போது, பஞ்சைக் கடித்துக்கொண்டே, நீல வண்டிக்குப் புதுசாக ஆர்டர் போட்டுத் தருகிறேன் என்று கையாலேயே சொன்னேன். அந்த வெள்ளையும் என் தலையில்தான். விழட்டும்.

ஏப்ரல் 16, வியாழன்

வெற்றுப் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டு முடித்து அவள் மேஜையைத் துடைத்த பிறகு எடுத்து வைத்தேன். அந்த முப்பது நொடி எனக்கு வியர்த்தது. வண்டி விற்கும்போது எனக்கு வியர்த்ததே கிடையாது.

"என்ன இது?"

"பதினேழ ரத்து பண்ணிடு. இதை நிரப்பணும். நாப்பத்திரண்டு கேள்வி. நான் கேக்கறேன், நீ சொல்லு."

எழுந்து போகவில்லை. பேனாவைத் திறந்தேன்.

"பேரு?"

"தெரியாதா?"

"கேட்டுட்டுத்தான் எழுதணும்னு ரூல்."

சொன்னாள். எழுதினேன். உயரம் சொன்னாள் - ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. முப்பத்தோரு வண்டியிலும் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொண்டுதான் ஓட்டினாளாம். அந்தத் தலையணையை நான் பார்த்திருக்கிறேன். வண்டி விற்கும்போது எடுத்துப் பின்பக்கம் போடுவேன். எதற்கு என்று கேட்டதில்லை.

ஏன் மேனுவல் என்றேன். "நாள் பூரா கைக்குள்ள ஊசிதான். வண்டியிலயாவது பெருசா ஒண்ணைப் பிடிச்சு இழுக்கணும் போல இருக்கு." ஏன் பாட்டுப் பெட்டி வேண்டாம்? "உங்ககூட வாழ்ந்ததுல சத்தம் போதும்." எழுதிக்கொண்டேன், வேண்டாம் என்று.

நிறத்துக்கு வந்தோம். மஞ்சள். எழுதிவிட்டுக் கேட்டேன்.

"ஏன் மஞ்சள்?"

"அது நாப்பத்திரண்டுல இல்லையே."

"நாப்பத்து மூணாவது. நான் கேக்கறேன்."

கொஞ்ச நேரம் மேஜையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் நீங்க கூட்டிட்டுப் போக வருவீங்கல்ல, அந்தக் காலத்துல," என்றாள். "எந்த வண்டியில வருவீங்கன்னு எனக்கு ஒரு நாளும் தெரியாது. இன்னிக்கு சாம்பல், நாளைக்குக் கறுப்பு. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, வர்ற ஒவ்வொரு வண்டிக்குள்ளயும் எட்டி எட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் யாரோ ஒருத்தர் வண்டியில ஏறி உக்காந்து கதவைச் சாத்திட்டு, 'ஏன் லேட்டு'ன்னு சண்டை போட்டிருக்கேன். அந்த மனுஷன் பயந்துட்டாரு."

சிரித்தாள். நானும் சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே நிறுத்திவிட்டாள்.

"தூரத்துலயே தெரியணும். இதுதான் நம்ம வண்டின்னு. நாளைக்கும் அதேதான்னு."

பேனாவில் மை தீர்ந்துவிட்ட மாதிரி உதறினேன். தீரவில்லை.

கடைசியில் குடைக் குழாய். கேட்காமலேயே எழுதினேன். "கேட்டுட்டுத்தான் எழுதணும்னு ரூல்," என்றாள்.

கேட்டேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

நான் வெள்ளையடித்த மற்ற எட்டுப் பேருக்கும் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். எட்டுப் பேரும், தாங்கள் முதலிலிருந்தே வெள்ளைதான் கேட்டதாகச் சத்தியம் செய்கிறார்கள். ஒருவர் பச்சை கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "பச்சையா? நானா? சேச்சே," என்கிறார். என் திறமையை நினைத்து எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

ஏப்ரல் 30, வியாழன்

மூன்று ஐம்பதிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சட்டம் எதிரே நாற்காலி போட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு மணி. பூட்டு. மஞ்சள்.

ஜூன் 25, வியாழன்

இரண்டு வெள்ளை வண்டிகள் வந்து இறங்கின. ஒன்று டாக்டர் வேண்டாமென்றது, ஒன்று பதினேழாம் நம்பர் வேண்டாமென்றது. முற்றத்தில் மறுபடி நிற்கிற வண்டி. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. வருகிறவர்களிடம் காட்டுகிறேன். "இல்லங்க, எங்களுக்கு ஏத்த மாதிரி செஞ்சு வாங்கிக்கிறோம்," என்கிறார்கள். மூன்றே மாதத்தில் எல்லாருக்கும் வாய் முளைத்துவிட்டது.

ஒன்றை எடுத்து ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்தான். ஏனோ பஸ்ஸிலேயே போகிறேன். ஜன்னல் சீட் அவளுக்கு. பெரியவரின் சர்க்கரை அளவு இப்போது எனக்கும் அத்துப்படி.

ஜூலை 27, திங்கள்

மஞ்சள் வந்துவிட்டது. ஷோரூமில் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். கண்ணைக் குத்துகிறது என்று நான் எழுதியது உண்மைதான். குத்துகிறது. அழகாகவும் இருக்கிறது, அதை இங்கே மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அவள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். எல்லா வாடிக்கையாளரையும் போலக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து, சட்டம் கொடுத்த தாள்களை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். குடையைக் குழாயில் செருகிப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடி செருகினாள். இருக்கையில் உட்கார்ந்தாள், முதுகுக்குப் பின்னால் ஒன்றும் வைக்காமல்.

சாவியைக் கொடுத்தேன். கையை நீட்டியபடியே வைத்திருந்தாள். புரிந்தது. பையிலிருந்து இரண்டாவது சாவியையும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். வீடு வரைக்கும் ஏறிக்கொள்ளச் சொல்லுவாள் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உங்களுக்குக் கடையில வேலை இருக்குமே," என்றாள்.

"இருக்கு."

கியரைப் பிடித்துப் பெருசாக ஒரு இழுப்பு இழுத்தாள். கிளம்புவதற்கு முன் கண்ணாடியை இறக்கினாள்.

"நாளைக்குக் காலையில பஸ் ஸ்டாப்ல நில்லுங்க. எட்டேகாலுக்கு அந்தப் பக்கமாத்தான் போவேன்."

ஒரே வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் நாங்கள். எதற்கு பஸ் ஸ்டாப் என்று கேட்க வாயெடுத்தேன். எத்தனையோ சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் எனக்காக நின்றவள் சொல்கிறாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஜூலை 28, செவ்வாய்

எட்டு மணிக்கே போய் நின்றுவிட்டேன். பெரியவர் பஸ்ஸில் ஏறச் சொன்னார். வேண்டாம், எனக்கு வண்டி வரும் என்றேன். எந்த வண்டி என்று கேட்டார்.

அதற்குள் தெருக்கோடியில் தெரிந்தது. எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.